ஒரு வயிறும் இரண்டு வாயும்

கைத்தொழில்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பொருளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எத்தனை நூற்றாண்டுப் பழமை, எந்த மியூசியத்தில் இருக்கிறது, லண்டன் ஏலத்தில் என்ன விலைக்குப் போகும் என்று விவரிப்பார்கள். கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் கைவினைஞரின் விரல்களைப் பற்றியும் இரண்டு வரி சேர்ப்பார்கள். அந்த விரல்களுக்குச் சொந்தக்காரர் காலையில் என்ன சாப்பிட்டார், அதற்கு யார் காசு கொடுத்தார்கள் என்று கேட்பவர்கள் அபூர்வம். மேற்கு ஆப்பிரிக்காவில் இதைச் சில்லறைக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு தொழில் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருமா என்பதைப் பல பட்டறைகளில் இந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது.

கானா நாட்டின் குமாசி நகரை எடுத்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் அசாந்தி சாம்ராஜ்யத்தின் தலைநகரம். அசாந்தி மன்னர் இன்றும் அங்கே மன்ஹியா அரண்மனையில் இருக்கிறார். ஆட்சி அதிகாரம் அக்ராவில் உள்ள குடியரசு அரசாங்கத்திடம் இருந்தாலும், மரியாதைக்குக் குறைவில்லை. நகரைச் சுற்றி ஊருக்கு ஒரு தொழில். போன்வயரில் கென்டே நெசவு. ந்டோன்சோவில் துணியில் அடின்க்ரா சின்னங்களை அச்சிடுகிறார்கள். அஹ்வியாவில் மரச் சிற்பம். க்ரோஃபோஃப்ரம் என்ற ஊரில் பித்தளை வார்ப்பு. அரண்மனைக்கு வேலை செய்வதற்கென்றே இந்த ஊர்கள் பழைய நாளில் உருவாயின. அரண்மனையின் ஆதரவில் வாழ்ந்தன.

பித்தளை வார்ப்பவர்களுக்கு அரண்மனையைத் தவிர இன்னொரு பெரிய வாடிக்கையும் இருந்தது. அசாந்தி நாட்டில் தங்கத் தூள்தான் பணம். காசை எண்ணுகிற மாதிரி அங்கே தூளை நிறுத்துக் கொடுக்க வேண்டும். எனவே வியாபாரம் செய்கிற ஒவ்வொருவரிடமும் ஒரு சின்னத் தராசும், ஒரு பை எடைக்கற்களும் இருந்தன. கல் என்கிறோமே தவிர, எல்லாம் பித்தளை. கட்டைவிரல் அளவுக்குள் மீன், பறவை, நாற்காலி, குடம், கடலைக்காய், சண்டை போடும் இரண்டு பேர் என்று எல்லாமே எடைக்கற்களாயின. பல உருவங்களுக்குப் பின்னால் ஒரு பழமொழி இருந்தது. பேரம் பேசும்போது தராசில் எந்த உருவத்தை வைக்கிறோம் என்பதிலேயே ஒரு சேதி சொல்லிவிடலாம். பிரிட்டிஷ் நாணயம் வந்தது, தங்கத் தூள் செல்லாததாயிற்று. எடைக்கற்கள் வெறும் பொம்மைகளாகி வெள்ளைக்காரர்களின் அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தன. வார்க்கும் தொழில் மட்டும் எப்படியோ பிழைத்துக்கொண்டது.

2023 ஜனவரியில் நான் அங்கே போனபோது ஹர்மட்டான் காற்று வீசிக்கொண்டிருந்தது. சஹாராவின் புழுதியைச் சுமந்துகொண்டு வரும் வறண்ட காற்று. வெயில் ஏறும்வரை குளிர், எங்கும் மங்கலான வெளிச்சம். மெழுகு வேலைக்கு அதுதான் நல்ல நேரம் என்றார் பட்டறைக்காரர். வெயில் ஏறிவிட்டால் மெழுகு இளகும், மீனின் செதில் கூர்மையாக வராது. பையன்கள் அவரை 'மாஸ்டர்' என்று கூப்பிட்டார்கள். அவர்களில் ஒருவன் மட்டும் 'வோஃபா' என்றான். தாய்மாமனுக்கு அவர்கள் மொழியில் அதுதான் சொல். அசாந்தி மக்களிடையே வாரிசுரிமை தாய்வழியில் போகிறது. மாமனின் சொத்துக்கு மருமகன்தான் வாரிசு.

வேலைமுறை நமக்கு அந்நியமானதல்ல. சுவாமிமலையிலும் பஸ்தாரிலும் செய்வதைப் போல, தேன்மெழுகில் உருவத்தைச் செய்து, அதன்மேல் மண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஓடவிடுகிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். முதல் பூச்சில் களிமண்ணோடு நைசான கரித்தூள் கலக்கிறார்கள். பிறகு நார் கலந்த மண். அதற்குப்பின், உலோகத்தை உருக்கும் மூசையையே அச்சோடு ஒட்டி ஒரே உருண்டையாக மூடிவிடுகிறார்கள். மூசைக்குள் பழைய குழாய்த் திருகு, உடைந்த பூட்டு என்று கிடைத்த பித்தளைத் துண்டுகள். உருண்டையை உலையில் வைத்து, உள்ளே உலோகம் உருகியதும் எடுத்துத் தலைகீழாகத் திருப்பினால் வேலை முடிந்தது. உருகிய உலோகம் கண்ணுக்கே தெரிவதில்லை. நெருப்பின் நிறத்தைப் பார்த்துத்தான் பதம் அறிய வேண்டும். சுவாலையில் பச்சை தெரியும் அந்தக் கணத்தை எந்தப் புத்தகமும் சொல்லித்தர முடியாது. பல வருஷம் பக்கத்தில் நின்றால்தான் பிடிபடும். ஒவ்வொரு அச்சும் ஒரே ஒரு தடவைக்குத்தான். உடைத்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். பதம் தவறினால் இரண்டு நாள் வேலை மண்.

இந்தப் பல வருஷமும் பையன்கள் எதைச் சாப்பிடுவார்கள்?

ஏழரை மணிக்குப் பையன்களில் ஒருவன் மூடி போட்ட தூக்கோடு வெளியே போனான். திரும்பும்போது தூக்கு நிறைய 'கோகோ'. பானமாக நாம் குடிக்கும் கோகோவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். (அந்தக் கோகோவும் கானாவில் ஏராளமாக விளைகிறது. ஆனால் பெரும்பகுதி கப்பலேறிவிடுகிறது.) இது கூழ். வடக்கேயிருந்து வந்து குடியேறிய ஹவுசா மக்களின் பெயரால் 'ஹவுசா கோகோ' என்கிறார்கள். இராத்திரியே ஊறவைத்த கம்பை இஞ்சி, மிளகாய், கிராம்பு சேர்த்து அரைத்து, வடிகட்டிப் புளிக்கவைத்து, காலையில் கொதிக்கும் தண்ணீரில் விட்டுக் கிண்டுகிறார்கள். கஞ்சியைப் போல வழுவழுப்பு, இளம் சாம்பல் நிறம். முதலில் புளிப்பு, பிறகு காரம், கடைசியில் அவரவர் போட்டுக்கொள்ளும் சர்க்கரை. தெருவில் இதைப் பாலிதீன் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுத் தருவார்கள். பையின் மூலையைப் பல்லால் கடித்து, உறிஞ்சியபடியே ஜனங்கள் வேலைக்குப் போகிறார்கள்.

கூழுக்குத் துணை 'கூசே'. தோல் நீக்கிய காராமணியை வெங்காயம், மிளகாயோடு அரைத்து எண்ணெயில் பொரித்தது. நடுவில் ஓட்டை இல்லை என்பதைத் தவிர நம் வடைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. முதல் துண்டை வாயில் போட்டதும் எந்தத் தமிழனும் சட்னி எங்கே என்றுதான் கேட்பான்.

ஆனால் இதை 'நம்மூர்ப் பலகாரம் மாதிரி' என்று சொல்வதில் சரித்திரம் தலைகீழாகிவிடுகிறது. கம்பு ஆப்பிரிக்கப் பயிர். சுமார் 4,500 வருஷங்களுக்கு முன்பே இன்றைய மாலி நாட்டின் வடபகுதியில் மக்கள் அதைப் பயிரிட்டுப் பழக்கிவிட்டார்கள் என்பதற்கு அகழ்வாய்வில் தடயம் கிடைத்திருக்கிறது. அதிலிருந்து ஆயிரம் வருஷத்துக்குள் அது இந்தியாவுக்கு வந்துவிட்டது. காராமணியும் அப்படித்தான். குமாசிக்கு வடக்கே கிண்டாம்போ பகுதியின் பாறைக் குகைகளில் மூவாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய காராமணி மணிகள் கிடைத்திருக்கின்றன. ராஜஸ்தானின் பாஜ்ரா ரொட்டி, தென் மாவட்டங்களின் கம்பங்கூழ், வடக்கே லோபியா, நம் வீட்டுக் காராமணிச் சுண்டல் எல்லாவற்றுக்கும் விதை அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. மேற்கேயும் அது போயிற்று. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் கையில் எதுவும் கொண்டுபோக முடியவில்லை. பக்குவத்தை மட்டும் கொண்டுபோனார்கள். பிரேசிலின் பாஹியா மாகாணத்தில் அதே காராமணி வடை 'அகராஜே' என்ற பெயரில் விற்கிறது. அதை விற்கும் பெண்களின் தொழிலை 2005-ல் பிரேசில் அரசு தேசியப் பாரம்பரியமாகப் பதிவு செய்தது.

பட்டறைக்குத் திரும்புவோம். கானாவில் யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் பக்கத்தில் வந்தால், தெரிந்தவரோ தெரியாதவரோ, 'யூ ஆர் இன்வைட்டட்' என்பார்கள். பஸ்ஸில் ஒரு வாழைப்பழத்தை உரிக்கிறவர்கூடச் சொல்வார். பெரும்பாலும் அது சம்பிரதாயம். நன்றி சொல்லி நகர்ந்துவிடலாம். பட்டறையில் நகர முடியாது. ஒரு குட்டை ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, கைகழுவத் தண்ணீரும் வைத்துவிட்டார்கள். வலது கையால்தான் சாப்பிட வேண்டும். அந்தப் பாடத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பொட்டலத்தில் பதினெட்டுக் கூசே இருந்தன. பட்டறையில் மாஸ்டர், அவருடைய தம்பி, நான்கு பையன்கள். ஆளுக்கு மூன்று என்பது அன்றாடக் கணக்கு. அன்றைக்கு ஏழாவதாக நான். மாஸ்டர் யாரையும் பார்க்காமல் பங்கு போட்டார். முதலில் விருந்தாளிக்கு மூன்று. பிறகு பையன்களுக்கு மூன்று மூன்றாகப் பன்னிரண்டு. தம்பிக்கு இரண்டு. தனக்கு ஒன்று. அந்த ஒன்றை நிதானமாகப் பிய்த்து, கூழில் தொட்டுச் சாப்பிட்டார். என் பங்கில் ஒன்றைத் திருப்பி வைக்கப் பார்த்தேன். விருந்தாளியின் கையிலிருந்து வாங்கும் வழக்கம் இல்லை என்று தம்பி மெதுவாகச் சொன்னார்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது ஒரு குடும்பத்தின் பாசமாகத் தெரியும். பாசம் இருக்கலாம். ஆனால் முதலில் இது ஒரு ஒப்பந்தம். கானாவில் தொழில் கற்க விரும்பும் பையனின் வீட்டார் மாஸ்டருக்கு ஒரு தொகையும் மதுப்புட்டியும் கொடுத்து அவனைச் சேர்க்கிறார்கள். மதுவில் கொஞ்சம் முன்னோர்களுக்காகத் தரையில் ஊற்றப்படும். அதன்பின் சில வருஷங்களுக்குப் பையனின் உழைப்பு மாஸ்டருக்கு. சம்பளம் கிடையாது. அதற்குப் பதிலாகத் தினமும் சாப்பாடு, அல்லது சாப்பாட்டுக்கான காசு. 'சாப் மணி' என்பது அதன் பெயர். படிப்பு முடியும்போது இன்னொரு சடங்கு, இன்னொரு தொகை. தையல்காரர், மெக்கானிக், முடிதிருத்துபவர் என்று எந்தப் பட்டறைக்கும் ஏறக்குறைய இதே விதிதான்.

இதைச் சுரண்டல் என்று சொல்ல இடமிருக்கிறது. கூழைக் கொடுத்து வருஷக்கணக்கில் வேலை வாங்குகிற மாஸ்டர்கள் உண்டு. கற்றுக்கொடுக்காமல் இழுத்தடிப்பவர்களும் உண்டு. ஆனால் அரசாங்கத்தின் தொழிற்பள்ளிகள் எட்டாத இடங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொழிலைக் கடத்திவந்தது இந்த ஏற்பாடுதான். இந்த ஏற்பாட்டின் அச்சாணி காலைச் சாப்பாடு. மாஸ்டரால் பானையை நிரப்ப முடிந்தால் பையன் நிற்பான். முடியாவிட்டால், எவ்வளவு உன்னதமான கலையாக இருந்தாலும், போய்விடுவான்.

நான் போன சமயம் பானைக்கு நல்ல காலம் இல்லை. 2022 டிசம்பரில் கானாவின் விலைவாசி முந்தைய வருஷத்தைவிட 54 சதவீதம் ஏறியிருந்தது. அதே மாதம், வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதிக்குத் தவணை கட்டுவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. அக்ராவில் நிபுணர்கள் இதைப் புள்ளிவிவரமாகப் பேசினார்கள். கூழ் விற்கும் அம்மாள் வேறு வழியில் சமாளித்தார். கூசேயின் விலையை ஏற்றினால் வாடிக்கை போய்விடும் என்பதால் அதன் அளவைக் குறைத்துவிட்டார். இப்போது அது வாய்க்குள் போனதும் காணாமல் போகிறது என்று பையன்கள் கேலி செய்தார்கள். பழைய பித்தளையின் விலையும் ஏறியிருந்தது. கொரோனாவுக்குப் பின் சுற்றுலாக்காரர்களோ முன்போல வரவில்லை. 2025-ல் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது நல்ல சேதிதான். ஆனால் அதனால் விலை ஏறும் வேகம்தான் குறையும். சிறுத்துப்போன கூசே மறுபடி பெருத்துவிடாது.

மறுநாள் எல்லோருக்கும் கூசே என் செலவு என்று மாஸ்டரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "இந்தப் பையன்களுக்கு நான் சாப்பாடு போடுகிறேன் என்று அவர்கள் வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் போட்டால் இவர்கள் உங்கள் பையன்கள் ஆகிவிடுவார்கள். எங்களுக்குச் சாப்பாடு போட விரும்பினால் ஒரு எடைக்கல் வாங்குங்கள்" என்றார்.

தட்டிலிருந்து அவரே எடுத்துக் காட்டிய உருவத்தில் இரண்டு முதலைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே கிடக்கின்றன. தலை இரண்டு, வால் இரண்டு, வயிறு மட்டும் ஒன்று. அசாந்தி நாட்டில் குழந்தைக்கும் தெரிந்த சின்னம் அது. துணியில் அச்சிடுகிறார்கள், கதவில் செதுக்குகிறார்கள். இரையைக் கண்டதும் இரண்டு முதலைகளும் அடித்துக்கொள்ளுமாம். எந்த வாய் விழுங்கினாலும் போய்ச் சேர்வது ஒரே வயிற்றுக்குத்தான் என்பது அவற்றுக்கும் தெரியும். ஆனால் ருசி தன் தொண்டையில் இறங்க வேண்டும் என்பதுதான் சண்டை. ஒற்றுமையைப் போதிக்கும் சின்னம் என்று கைடுகள் விளக்குகிறார்கள். எனக்கென்னவோ, பங்கு போடுகிறவனின் சங்கடத்தை நன்றாகத் தெரிந்த யாரோ செய்த உருவமாகத்தான் அது படுகிறது. சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டேன்.

முந்தைய வருஷம் பட்டறையில் பையன்கள் ஐந்து பேர். ஐந்தாமவன் 'கலாம்சி'க்குப் போய்விட்டான். அனுமதியில்லாமல் தங்கம் தோண்டுவதற்கு அங்கே அந்தப் பெயர். ஆப்பிரிக்காவில் தங்க உற்பத்தியில் முன்னணியில் நிற்கும் நாடு கானா. பெரிய கம்பெனிகளின் சுரங்கங்கள் ஒருபுறம், ஆற்றங்கரைகளைக் குடைந்து தங்கம் சலிக்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மறுபுறம். குழி சரிந்து புதைகிறார்கள். தங்கத்தைப் பிரிக்கப் பாதரசத்தை வெறும் கையால் அளைகிறார்கள். பிரா, ஓஃபின் ஆறுகள் தேநீர் நிறத்தில் ஓடுகின்றன. இதெல்லாம் அந்தப் பையனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் குழியில் அன்றைய கூலி அன்றைக்கே கையில் கிடைக்கிறது. 2025 அக்டோபரில் தங்கம் அவுன்ஸுக்கு 4,000 டாலரைத் தாண்டியபோது எனக்கு அவன் ஞாபகம்தான் வந்தது. தங்கத்தை நிறுப்பதற்காக எடைக்கல் செய்யக் கற்ற ஊர் அது. அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டிருந்த பையன் அதைப் பாதியில் விட்டுவிட்டுத் தங்கத்தையே தோண்டப் போய்விட்டான்.

இதற்கு நேர்மாறாக இன்னொரு காட்சியும் குமாசியில் நடந்தது. 1874-ல் பிரிட்டிஷ் படை குமாசிக்குள் புகுந்து அரண்மனையைக் கொள்ளையடித்து ஊருக்குத் தீ வைத்தது. அப்போதும் பின்னர் வந்த சண்டைகளிலும் பறிபோன பொன் ஆபரணங்கள் லண்டன் மியூசியங்களை அலங்கரித்தன. சரியாக 150 வருஷம் கழித்து, 2024-ல், பிரிட்டிஷ் மியூசியமும் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியமும் 32 பொருட்களை மன்ஹியா அரண்மனை மியூசியத்துக்கு அனுப்பிவைத்தன. திருப்பிக் கொடுத்தன என்று சொல்ல முடியாது. கொடுத்தது கடனாக. நிரந்தரமாகக் கொடுக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தரவில்லையாம். அதே வருஷம் லாஸ் ஏஞ்சலஸிலுள்ள ஃபௌலர் மியூசியம் ஏழு பொருட்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டது. வருஷக் கடைசியில் கென்டே நெசவு யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. குமாசிக்கு மொத்தத்தில் பெருமையான வருஷம்.

பெருமைப்பட வேண்டியதுதான். பறிபோனதைப் பார்ப்பதற்காக மக்கள் அரண்மனைக்குத் திரண்டு வந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த முயற்சிகள் எல்லாம் பொருளைக் காப்பாற்றுகின்றன, அல்லது பெயரைக் காப்பாற்றுகின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவற்றுக்குக் காவல் உண்டு, காப்பீடு உண்டு, கடன் பத்திரத்தில் தேதி உண்டு. சுவாலையில் பச்சையைப் பார்த்துப் பதம் சொல்லும் கண்ணுக்கு அப்படி எந்தப் பத்திரமும் இல்லை. அதற்கிருக்கும் ஒரே உத்தரவாதம், தன் பங்கைக் குறைத்துக்கொண்டாவது பையன்களின் பங்கைக் குறைக்காத ஒரு பட்டறைக்காரர். அவர் எத்தனை நாள் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார் என்பதை எந்தப் பட்டியலும் கவனிப்பதில்லை.

கைவினைஞர்களைக் கௌரவிக்க நினைக்கும் அரசாங்கங்கள் விருதும் பொன்னாடையும் தருகின்றன. அவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை, தொழில் கற்கும் பையன்களின் காலைச் சாப்பாட்டுக்கு என்று மாஸ்டர் கையிலேயே கொடுத்துப் பார்க்கலாம். அவர் கையால் போட்டால்தான் அது ஒப்பந்தமாகும். நம்மைப் போல வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது. அழைத்தால் உட்கார்ந்து சாப்பிடுவது. எழுந்திருக்கும்போது, பேரம் பேசாமல் ஒரு எடைக்கல் வாங்குவது.